வெள்ளை பூத்த கேசட்டுக்குள் பாட்டியின் குரல் இருக்கிறதா?

ஏற்காட்டில் நாகலூர் பக்கத்து வீட்டைக் காலி செய்தபோது பீரோ மேலிருந்த தகரப் பெட்டியில் மூன்று பெரிய வீடியோ கேசட்டும் இரண்டு சின்னக் கேசட்டும் கிடைத்தன என்று எழுதியிருக்கிறீர்கள். பெரியவை 1991இல் சேலத்தில் நடந்த அப்பா அம்மா கல்யாணம், ஸ்டுடியோக்காரர் எடுத்தது. சின்னவை அதே கல்யாணத்தில் சிங்கப்பூர் மாமா தன் கேமராவில் எடுத்தவை. நாடா மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. ஒரு கடையில் “முப்பது வருஷம் ஆச்சு, எல்லாம் அழிஞ்சிருக்கும்” என்கிறார்கள். இன்னொரு கடையில் சின்னக் கேசட்டைப் பெரிய கூட்டுக்குள் போட்டு ஓட்டித் தருகிறோம் என்கிறார்கள். 2003 வாக்கில் எடுத்த விசிடி ஒன்று வீட்டில் இருக்கிறது. அதில் முகங்கள் கட்டம் கட்டமாக இருக்கின்றன, முழுக்க சினிமாப் பாட்டு ஓடுகிறது. ஆனால் பாட்டி மண்டபத்தில் உட்கார்ந்து பேசியதை வீடியோ எடுத்தார்கள் என்று அம்மா உறுதியாகச் சொல்கிறார். நான்கு கேள்விகளாக எழுதியிருந்தாலும் நீங்கள் கேட்பது ஒன்றைத்தான்: அந்தப் பெட்டிக்குள் எங்காவது பாட்டியின் குரல் மிச்சம் இருக்கிறதா, அதற்குச் செலவு செய்வது வீணா?

நான் 1988இல் அம்மாப்பேட்டையில் ஒரு ஸ்டுடியோவில் லைட் பிடிக்கும் பையனாகச் சேர்ந்தவன். பிறகு சொந்தமாகக் கேமரா வாங்கி, 2009 வரை சேலம், ஓமலூர், ஆத்தூர், ஏற்காடு என்று கல்யாணம், காதுகுத்து, குகை வண்டி வேடிக்கை எல்லாம் எடுத்தேன். அதற்கப்புறம் பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றுவது என் பாதி நேரத் தொழிலாகிவிட்டது. எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் அல்ல. டெக்கை, அதாவது கேசட் ஓட்டும் இயந்திரத்தைத் திறந்து, கெடுத்து, திரும்பப் பூட்டிக் கற்றுக்கொண்டதுதான். அந்த அளவுக்கு என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வேண்டுகோள். ஆசையில் அந்தக் கேசட்டை எந்த டெக்கிலும் போட்டுப் பார்க்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பரணில் டெக் இருக்கிறது, ஒரு தடவை போட்டுப் பார்ப்போமே என்று தோன்றும். வெள்ளையாக இருப்பது பூஞ்சையாக இருந்தால், அது டெக்கின் ஹெட்டிலும் (நாடாவைப் படிக்கும் முனை) நாடா ஓடும் பாதையிலும் ஒட்டிக்கொண்டு, அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் போகும். அந்தக் காலத்தில் வாடகை டெக் வீட்டுக்கு வீடு போய் வந்தபோது இந்த வியாதி தெருவெல்லாம் பரவியதைப் பார்த்திருக்கிறேன். படம் பனி மூட்டமாகப் போனதும் புது ரூபாய் நோட்டை ஸ்பிரிட்டில் நனைத்து ஹெட்டில் வைத்துச் சுற்றுவது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். பல தடவை பலித்தது. பலிக்காத தடவைகளில் ஹெட்டே உடைந்தது. ஹெட் நுனி மிக மெல்லியது. அது சுழலும் வாக்கில் துடைத்தால் தாங்கும், மேலும் கீழுமாகத் தேய்த்தால் பிய்ந்துகொண்டு வந்துவிடும்.

சரி, “முப்பது வருஷத்தில் அழிந்திருக்கும்” என்ற பேச்சுக்கு வருவோம். காந்தப் பதிவு பாலாடை போல் நாளாக ஆகத் தானாகக் கெடுவது அல்ல. பாலியெஸ்டர் பட்டையின் மேல் இரும்பு ஆக்சைடு தூளை ஒரு பசையில் குழைத்துப் பூசியிருப்பார்கள். அதுதான் வீடியோ நாடா. தூளில் ஏறிய காந்தம் இத்தனை வருடத்தில் பெரிதாகக் குறைவதில்லை. கெடுவது பசை, பட்டை, மேலே வளரும் பூஞ்சை, அப்புறம் ஓட்டுகிற இயந்திரம். 1986இல் பதிவான கேசட் போன மாதம் என் மேசையில் நன்றாகவே ஓடியது. 2001இல் பதிவான ஒன்று ஓடவில்லை. வயதை வைத்து எதையும் சொல்ல முடியாது, இருந்த இடத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

இதில் நம் ஊருக்கே ஒரு விசேஷம் உண்டு. சேலம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் குறைவு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு, ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். ஒரே கல்யாணத்தின் இரண்டு காப்பிகள், ஒன்று செவ்வாய்ப்பேட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் இருந்தது, மற்றது ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் வீட்டு அலமாரியில் இருந்தது, இரண்டும் ஒரே வாரத்தில் என்னிடம் வந்தன. செவ்வாய்ப்பேட்டைக் கேசட்டில் ஒரு புள்ளி பூஞ்சை இல்லை. ஆனால் இத்தனை கோடை வெயிலில் பிளாஸ்டிக் கூடு வளைந்து, நாடாவின் விளிம்பு முறுக்குப் போல நெளிந்திருந்தது. மலைக் கேசட்டில் சுருள் முழுக்க வெள்ளை. திறந்தாலே மூக்கில் ஏறும் வாடை. பார்த்தவுடன் நான் சேலம் கேசட்தான் தேறும் என்று நினைத்தேன். தேறியது மலைக் கேசட். பூஞ்சையைத் துடைத்துவிடலாம், நெளிந்த விளிம்பை நிமிர்த்த முடியாது. அதனால் உங்கள் பெட்டி ஏற்காட்டில் இருந்தது என்பது நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கெட்ட செய்தி இல்லை.

விளிம்புக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்றால், உங்கள் பெரிய கேசட்டின் வகையான விஎச்எஸ் நாடாவில் மூன்று விஷயங்கள் மூன்று இடத்தில் இருக்கின்றன. அரை அங்குல அகலத்தில் நடுப்பகுதி முழுக்கப் படம். மேல் விளிம்பில் ஒரு மெல்லிய கோடாகச் சத்தம். கீழ் விளிம்பில் இன்னொரு கோடு. படத்தின் கோடுகள் எங்கே தொடங்குகின்றன என்று டெக்குக்குச் சொல்லும் துடிப்பு அது. மேல் விளிம்பு நசுங்கினால் படம் இருக்கும், பேச்சு கரகரவென்று போகும். கீழ் விளிம்பு நசுங்கினால் பேச்சு கேட்கும், படம் நிற்காது. டிராக்கிங் குமிழை எத்தனை திருகினாலும் நிற்காது. நடுவில் உள்ள படம் நாடாவின் நீளவாக்கில் எழுதப்படவில்லை. டெக்குக்குள் ஹெட் பொருத்திய, 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை சாய்ந்து நின்று நிமிடத்துக்கு 1500 தடவை சுழல்கிறது; அதைச் சுற்றி நாடா நொடிக்கு 2.3 சென்டிமீட்டர்தான் நகர்கிறது. அதனால் படம் சாய்ந்த கோடுகளாக விழுகிறது, நொடிக்கு ஐம்பது கோடு, ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட பத்து சென்டிமீட்டர் நீளம், தலைமுடியை விட மெல்லிசு. நாடா அறுந்து ஒட்டினால் அந்த ஒரு வெட்டு நாலு நொடிக்குத் திரையில் ஒரு பட்டையாக ஏறிப் போவது இதனால்தான். அறுந்தது தாலி கட்டுகிற இடமாக இருந்தால் அந்த நாலு நொடி ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும்; சாப்பாட்டுப் பந்தியில் என்றால் யாரும் கவனிக்கப் போவதில்லை.

பூஞ்சை என்று சொல்லிக்கொண்டே போகிறேன், ஆனால் கேசட்டின் புகைப்படம்கூடப் பார்க்காமல் அது பூஞ்சைதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கூட்டின் ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். சுருளின் பக்கவாட்டில் சிலந்தி நூல் போலவோ, மாவு தெளித்தது போலத் திட்டுத் திட்டாகவோ இருந்தால் அனேகமாகப் பூஞ்சை. பழுப்புத் தூளாகக் கூட்டுக்குள் உதிர்ந்து கிடந்தால் அது பூச்சே கழன்று வருவது. அது வேறு கதை, அதில் நம்பிக்கை குறைவு. பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் அது குஷியாக வளரும்; ஏற்காட்டில் ஆடியிலிருந்து கார்த்திகை வரை வீட்டுக்குள் துணியே காயாதே, நாடா எப்படிக் காயும்? ஆகவே முதல் வேலை காயவைப்பது. வெயிலில் அல்ல. காற்றுப் புகாத டப்பாவில் கைநிறைய சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுக் கேசட்டை நிற்க வைத்து மூடி இரண்டு மூன்று வாரம் விடுங்கள். பூஞ்சை சாகாது, ஆனால் உறங்கிவிடும், காய்ந்த தூளாகித் துடைக்க வசதியாகும். இதை நீங்களே செய்யலாம். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, குழந்தைகள் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

கூட்டைத் திறந்து துடைப்பது அடுத்த கட்டம். ஐந்து திருகாணிதான், திறப்பது சுலபம். திறந்ததும் ஒரு ஸ்பிரிங் எங்கோ பறக்கும், அதைத் தேடுவதுதான் கஷ்டம். சுருளின் பக்கவாட்டைக் காய்ந்த பிரஷால் தட்டிவிட்டு, இரண்டு சுருளையும் ஒரு நல்ல கேசட் கூட்டுக்கு மாற்றி, மெதுவாகச் சுற்றிக்கொண்டே நாடாவை நூல் விடாத துணியால் துடைக்க வேண்டும். நான் பழைய ரீவைண்டர் ஒன்றின் மூடியை அறுத்து இதற்கென்றே வைத்திருக்கிறேன். ஒரு கேசட்டுக்கு இரண்டு மூன்று தடவை, அரை நாள் வேலை. ஒரே பிரதியில் கை வைப்பதற்கு முன் ஏதாவது சினிமாக் கேசட்டில் பழகிப் பாருங்கள், அல்லது பழகியவரிடம் கொடுங்கள். துடைத்த பிறகும் படத்தில் வெள்ளைக் கீற்றுகள் சிதறி ஓடும். பூஞ்சை தின்ற இடம் தின்றதுதான்.

ஈரம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரு தை மாதம் ஏற்காட்டில் விடியற்காலை முகூர்த்தம். முந்தின இரவு கேமராவை ஜீப்பிலேயே விட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். நாலு மணிக்கு எடுத்துக்கொண்டு சமையல்கட்டை ஒட்டிய கூடத்துக்குள் நுழைந்தேன், இட்லி ஆவி. கேமராவில் “டியூ” என்ற எழுத்து மினுக்க ஆரம்பித்தது. உள்ளே உருளையில் பனி கோத்தால் நாடா ஒட்டிக்கொள்ளும் என்று கேமராவே பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு அது. ஒரு மணி நேரம் ஹாலஜன் லைட்டை எட்ட வைத்துக் கேமராவுக்குக் குளிர் காயவைத்தேன். பெண் அழைப்பு முழுக்கப் போயிற்று. இன்றைக்கும் அந்த வீட்டார் என்னைப் பார்த்தால் அதைத்தான் முதலில் சொல்வார்கள்.

இப்போது சின்னக் கேசட். கூட்டுக்குள் போட்டு ஓட்டுகிறோம் என்று கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. 1991இல் வீட்டுக் கேமராக்காரர் கையில் இருந்த சின்னக் கேசட் இரண்டு வகை. ஒன்று விஎச்எஸ்-சி. பெரிய கேசட்டில் இருக்கும் அதே அரை அங்குல நாடாதான், அரை மணி அல்லது முக்கால் மணி அளவுக்குச் சின்னக் கூட்டில் சுற்றியிருக்கும். இதற்கு ஒரு அடாப்டர் கூடு உண்டு. ஒரு பென்டார்ச் செல் போட்டால் உள்ளே மோட்டார் முனகிக்கொண்டு நாடாவை இழுத்துப் பரப்பும், அதைப் பெரிய டெக்கில் போடலாம். இன்னொன்று 8 மில்லிமீட்டர். அதன் நாடா அகலமே வேறு, பதிவு முறையும் வேறு. இதை விஎச்எஸ் டெக்கில் போட அடாப்டர் கிடையாது, இருந்ததும் கிடையாது, இனி வரப்போவதும் இல்லை. எத்தனையோ பேர் இந்த அடாப்டரைத் தேடி அலைந்திருக்கிறார்கள். சிலர் வாங்கினோம் என்றுகூடச் சொல்வார்கள், போய்ப் பார்த்தால் அது விஎச்எஸ்-சி கூடாக இருக்கும். கண்ணால் கண்டுபிடிப்பது எளிது. ஆடியோ கேசட் அளவில், கொஞ்சம் தடித்து இருந்தால் 8 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு அங்குலத் தடிமனில், ஒரு பக்கம் பல்சக்கரம் வெளியே தெரிந்தால் விஎச்எஸ்-சி. இன்னும் சின்னதாக, தீப்பெட்டிக்கு அண்ணன் போல இருப்பது மினிடிவி. அது 1995இல்தான் வந்தது என்பதால் உங்கள் பெட்டியில் இருக்க வாய்ப்பில்லை.

8 மில்லிமீட்டர் என்றால் அதை ஓட்ட அதே வகைக் கேமராதான் வேண்டும். 8 மில்லிமீட்டரில் பின்னால் வந்த ஹை8 கேமரா, முதலில் வந்த வீடியோ8 நாடாவையும் ஓட்டும். 1999இல் வந்த டிஜிட்டல்8 கேமராக்களில் சில மாடல்கள் பழைய நாடாவை ஓட்டி, அப்படியே டிஜிட்டலாக மாற்றிக் கேபிள் வழியாகக் கணினிக்கு அனுப்பிவிடும். என் கையில் உள்ள பொருள்களில் நான் பொத்திப் பொத்தி வைத்திருப்பது அதைத்தான். மாமாவிடம் கேளுங்கள், அந்தக் கேமரா இன்னும் அவர் வீட்டு அலமாரியில் இருந்தாலும் இருக்கும். எழுதிய கேமராவிலேயே ஓட்டினால் ஒத்துப்போவது போல வேறு எதிலும் ஒத்துப்போகாது, குறிப்பாக எல்பி வேகத்தில், அதாவது நாடாவைப் பாதி வேகத்தில் ஓட்டி இரண்டு மடங்கு நேரம் வருமாறு பதிந்திருந்தால்.

பாட்டியின் குரல் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை தருவது இந்தச் சின்னக் கேசட்தான். பெரிய விஎச்எஸ்ஸில் சத்தம் தனிக் கோட்டில் இருப்பதால் படத்தைத் தொடாமல் சத்தத்தை மட்டும் அழித்துப் பாட்டை ஏற்றலாம். ஆடியோ டப்பிங் என்று கேமராவிலேயே பொத்தான் இருந்தது. நாங்கள் எல்லோரும் அதைத்தான் செய்தோம். கல்யாண வீட்டார் கேட்டதும் அதைத்தான்: “வெறும் சத்தமா இருக்கு, பாட்டுப் போட்டுக் குடுங்க.” நாதஸ்வரம், பந்தியில் கூப்பிடும் குரல், சம்பந்திகள் பேசிக்கொண்டது, கிழவிகள் பாடிய நலுங்குப் பாட்டு எல்லாவற்றின் மேலும் அந்த வருடத்து சினிமாப் பாட்டை ஏற்றினோம். ஒரு மாலைக்குள் முடிந்துவிடும் வேலை. நான் எத்தனை பாட்டிகளின் குரலை அப்படி அழித்தேன் என்று இப்போது கணக்குப் பார்ப்பதில்லை. 8 மில்லிமீட்டரில் இது நடக்காது. அதில் சத்தம் படத்தோடு சேர்ந்தே அதே சாய்ந்த கோட்டில் எழுதப்படுகிறது. படம் இருக்கிறவரை அதோடு பதிந்த சத்தமும் இருக்கும். உங்கள் சின்னக் கேசட் 8 மில்லிமீட்டராக இருந்து, மாமா பாட்டிக்கு முன்னால் கேமராவைப் பிடித்திருந்தால், யாரும் அதன் மேல் பாட்டு ஏற்றியிருக்க மாட்டார்கள்.

பெரிய கேசட்டிலும் ஒரு மூலை பாக்கி இருக்கிறது. 1983இலிருந்து விஎச்எஸ்ஸில் ஹைஃபை என்று இன்னொரு சத்தப் பதிவு வந்தது. அது சுழலும் உருளையிலேயே உள்ள தனி ஹெட்டால், படத்துக்கு அடியில், பூச்சின் ஆழத்தில் எழுதப்படும். டப்பிங் பொத்தான் மேல் விளிம்புக் கோட்டை மட்டும்தான் அழிக்கும், இதைத் தொடாது. ஹைஃபை கேமராவில் எடுத்த கேசட்டிலேயே பாட்டு ஏற்றிக் கொடுத்திருந்தால், ஹைஃபை டெக்கில் போட்டு ஒலியை ஹைஃபைக்கு மாற்றியதும் பாட்டு மறைந்து மண்டபத்து இரைச்சல் எழும். எனக்கு இது இரண்டு தடவை நடந்திருக்கிறது. ஆனால் உங்களுக்கு நடக்கும் என்று சொல்ல மாட்டேன். அன்று சேலத்தில் சின்ன ஸ்டுடியோக்கள் வைத்திருந்த தோள் கேமராக்களில் நான் தொட்டவை பெரும்பாலும் சாதா ஒலிதான். மேலும், மிக்சிங் செய்து வேறு கேசட்டுக்குக் காப்பி எடுக்கும்போதே பாட்டைக் கலந்திருந்தால், அந்தக் காப்பியின் எந்த அடுக்கிலும் பாட்டி இல்லை. முயன்று பார்க்கச் செலவு இல்லை என்பதால் சொல்கிறேன்: மாற்றுகிறவரிடம் இரண்டு ஒலியையும் தனித்தனியாக எடுக்கச் சொல்லுங்கள்.

அப்படியானால் கேமராவில் ஓடிய மூலக் கேசட் எங்கே என்று கேட்பீர்கள். ஸ்டுடியோவில் கேட்டுப் பாருங்கள், ஆனால் நம்பிக்கை வைக்காதீர்கள். கேசட் அன்று எங்களுக்குப் பெரிய செலவு. ஒரு முகூர்த்தத்தில் எடுத்ததைக் காப்பி கொடுத்தவுடன் அடுத்த முகூர்த்தத்துக்கு அதன் மேலேயே எடுப்போம். மேலே எழுதப்பட்டதை எந்த இயந்திரத்தாலும் மீட்க முடியாது. முடியும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். ஆனால் அழித்து எழுதியது பழையதை விட நீளம் குறைவாக இருந்தால், அது முடிந்த இடத்திலிருந்து பழையது மறுபடி தலை காட்டும். வண்டி வேடிக்கைக் கேசட் ஒன்றை மாற்றும்போது, வேடிக்கை முடிந்து புள்ளி இரைச்சலாகிப் பிறகு பதினோரு நிமிடம் யாரோ ஒருவர் வீட்டுச் சீமந்தம் ஓடியது. யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை, அழிக்காமல் வைத்திருக்கிறேன். உங்கள் மூன்று கேசட்டையும் கடைசி அங்குலம் வரை ஓட விடச் சொல்லுங்கள். கேசட்டின் முதுகில் இடது ஓரம் சின்னப் பிளாஸ்டிக் பல் உடைந்திருந்தால் யாரோ கவனமாக அழிக்க முடியாதபடி செய்திருக்கிறார்கள். பல் உடைந்த குழியில் செலோடேப் ஒட்டியிருந்தால் அதற்கப்புறம் அதில் கிரிக்கெட் பதிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

விசிடியை வைத்து மூலத்தை எடை போடாதீர்கள். அது உங்கள் கேசட்டுக்கு நடந்த பெரிய அநியாயம். பால் முறையில், கறக்கிற பால் அல்ல, நம் நாட்டுப் பழைய டிவி முறை, நொடிக்கு ஐம்பது அரைப் படங்கள் வரும். விசிடி 352க்கு 288 என்ற அளவில், அவற்றில் ஒன்று விட்டு ஒன்றைத் தூக்கி எறிந்துவிட்டு, மீதியையும் கடுமையாக நசுக்கிச் சேமிக்கும். ஹாலஜன் வெளிச்சத்தில் மாலை மாற்றும்போது ஆயிரம் மல்லிகை அசையும். அந்த நசுக்கலுக்கு அது தாங்காது, முகம் கட்டமாகிவிடும். 2000க்குப் பிறகு நாலைந்து வருடம் சேலத்தில் எல்லோரும் விசிடி எடுத்தார்கள், எடுத்த கையோடு கேசட்டை வீசினார்கள். உங்கள் வீட்டில் வீசவில்லை.

அதற்காக விஎச்எஸ் செல்போன் வீடியோ போல இருக்கும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். குறுக்குவாக்கில் 240 கோடு அளவுக்குத்தான் நுணுக்கம், நிறத்துக்கு அதில் பத்தில் இரண்டு பங்குகூட இல்லை. அரக்குச் சிவப்புப் பட்டு வலப் பக்கமாக வழிந்து மாப்பிள்ளை வேட்டியில் ஏறுவது கேசட் கெட்டதால் அல்ல, அன்றைக்கே அப்படித்தான். ஒவ்வொரு காப்பிக்கும் நிறம் கொஞ்சம் கீழே இறங்கும். உதட்டுச் சாயம் முகவாயில் இருந்தால் அது காப்பியின் காப்பி என்று நாங்கள் சொல்வோம். கணினியில் பார்க்கும்போது அடியில் ஏழெட்டு வரி துடித்துக்கொண்டே இருக்கும். ஹெட் மாறும் இடம் அது, பழைய டிவியில் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. கை அசையும்போது விளிம்பில் சீப்புப் பல் தெரிந்தால் அரைப் படங்களைச் சரியாகப் பிரிக்கவில்லை என்று பொருள். இதற்கெல்லாம் கேசட்டைக் குறை சொல்லி உங்களிடம் கூடுதல் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

மாற்றித் தருகிறவரிடம் நான் கேட்கச் சொல்வது சில விஷயங்கள். டைம்பேஸ் கரெக்டர் அல்லது அந்த வேலை செய்யும் கருவி வைத்திருக்கிறாரா? பழைய நாடாவில் வரிகள் ஒரே தாளத்தில் வராது. அதைச் சீராக்காமல் மலிவான யுஎஸ்பி குச்சியில் எடுத்தால் படம் விட்டு விட்டு விழுந்து, போகப் போக வாய் ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம் ஆகிவிடும். மணிக்கு 13 ஜிபி வரும் டிவி (DV, தொலைக்காட்சி அல்ல, டிஜிட்டல் வீடியோ) வடிவத்திலோ அதைவிடப் பெரிதாகவோ கொடுக்கிறாரா? மூன்று மணிக் கேசட் 40 ஜிபி வரும். வாட்ஸாப்புக்குச் சின்னதாக வேறு செய்துகொள்ளலாம், மூலக் கோப்பு பெரிதாகவே இருக்கட்டும். டிவிடி மட்டும்தான் தருவேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். கேசட்டைத் திருப்பித் தருவாரா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். தள்ளிப்போடவும் வேண்டாம். டெக் செய்துகொண்டிருந்த கடைசி ஜப்பான் நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ரப்பர் பெல்ட் உருகினால் மாற்றத் தெரிந்த மெக்கானிக்குகள் சேலத்தில் எனக்குத் தெரிந்து குறைந்துகொண்டே வருகிறார்கள்.

நாடா பிசுபிசுவென்று ஒட்டினால் அதை ஒரு மாதிரி குறைந்த சூட்டில் வேகவைத்து ஓட்டுவார்கள். அதை நான் செய்வதில்லை, உங்களையும் வீட்டு அடுப்பில் முயல வேண்டாம் என்கிறேன். விஎச்எஸ்ஸில் அது அபூர்வம் என்பதால் உங்களுக்குத் தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன்.

சின்னக் கேசட்டின் முதுகில் உள்ள எழுத்தை அப்படியே எழுதி அனுப்புங்கள். பி5 என்று தொடங்கினால் 8 மில்லிமீட்டர், நம் ஊர் முறைக்கான நாடா. அன்று சிங்கப்பூரும் பால் முறைதான் என்பதால் அதைத்தான் எதிர்பார்க்கிறேன். பி6 என்றால் அமெரிக்க, ஜப்பான் முறைக்கு விற்ற நாடா. ஆனால் சிங்கப்பூர்க் கேமராவில் போட்டால் அதிலும் பால் முறையில்தான் பதியும், அதனால் பயப்பட வேண்டாம். இசி-30, இசி-45 என்றால் விஎச்எஸ்-சி. பெரிய கேசட்டில் டி-120 என்று இருந்து கடைக்காரர் இரண்டு மணிக்குக் காசு வாங்கியிருந்தால், அது நம் டெக்கில் மூன்று மணிக்குப் பக்கமாக ஓடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்; இரண்டு மணியில் நிறுத்திவிடப் போகிறார். அதுவரை பெட்டி டிவி ஸ்பீக்கருக்கும் ஸ்டெபிலைசருக்கும் பக்கத்தில் வேண்டாம், கேசட்டுகள் புத்தகம் போல நின்றபடி இருக்கட்டும். சின்னதை முதலில் மாற்றுங்கள்.